ஒன்பது இறங்குதளம், ஒரு லாக் சர்வர்: தொண்டி முதல் மூக்கையூர் வரை எப்படி அமைப்பது?

கரைவலை | 11 பிப்ரவரி 2025, இரவு 8:50

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர். ஒன்பது மீன் இறங்குதளத்திலும் தளத்துக்கு ஒன்றாக ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி. ஒவ்வொன்றிலும் டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிக் கன்டெய்னராகப் பிரித்து ஓட்டும் மென்பொருள்) நான்கு சேவைகள்: எடை, ஏலம், பில், குறுஞ்செய்தி. மைய சர்வர் ராமநாதபுரத்தில். தளங்கள் 4ஜி மோடம் வழியாக வயர்கார்டில் (பூட்டிய தனிச் சுரங்க இணைப்பு) இணைகின்றன.

ஒரு பில் காணாமல் போனால் நான்கு சேவையின் லாக்கையும் (நிரல் வரிவரியாக எழுதும் நிகழ்வுப் பதிவு) அந்தத் தளத்துக்குள் நுழைந்துதான் தேட வேண்டியிருக்கிறது. கோளாறு வரும் நேரத்தில்தான் இணைப்பும் அறுந்திருக்கிறது. லாக்கைச் சேர்த்துத் தேடிக் காட்டும் எலாஸ்டிக்சர்ச், லாக்ஸ்டாஷ், கிபானா மூன்றையும் மூன்று சர்வரில் போடலாம் என்று எண்ணம். சரியான வழியா?

உப்பளம் | 11 பிப்ரவரி 2025, இரவு 10:15

எந்தக் கருவி என்பதைக் கடைசியில் பேசலாம் தம்பி. முதலில் ஒரு நாளைக்கு எத்தனை பைட் வருகிறது என்று அளக்க வேண்டும்.

நான்கு சேவையும் சேர்ந்து நொடிக்குச் சராசரி 4 வரி, வரிக்கு 350 பைட் என்று கொள்வோம். ஒரு தளத்துக்கு நாளைக்கு 3,45,600 வரி, ஏறத்தாழ 121 எம்பி. ஒன்பது தளத்துக்கும் சேர்த்து 1.1 ஜிபி. இதற்கு மூன்று சர்வர் தேவையே இல்லை. 30 நாள் வைத்தாலும் சுருக்குவதற்கு முன் 33 ஜிபிதான்.

அடுத்தது இதைவிட முக்கியம். லாக்கின் மூலப் பிரதி தளத்திலேயே உயிரோடு இருக்க வேண்டும். மையத்தில் இருப்பது தேடுவதற்கான நகல். கரண்டும் இணைப்பும் நம்பகமில்லாத கடற்கரையில் இந்த வரிசையை மாற்றினால், திரையில் வரைபடம் அழகாக ஓடும். தேடுகிற வரி மட்டும் இருக்காது.

வாடைக்காற்று | 12 பிப்ரவரி 2025, காலை 7:05

எலாஸ்டிக்சர்ச் எல்லாச் சொல்லையும் இன்டெக்ஸ் பண்ணும். தேடல் வேகம், ஆனா மெமரியும் டிஸ்க்கும் நிறைய கேக்கும். அதோட ஜாவா ஹீப்புக்குப் பாதி மெமரி ஒதுக்கணும், விஎம்.மேக்ஸ்_மேப்_கவுன்ட்ங்கிற லினக்ஸ் அமைப்பைக் குறைஞ்சது 2,62,144 ஆக்கணும். நாளைக்கு 1 ஜிபிக்கு இவ்வளவு எதுக்கு? லோகின்னு இன்னொரு லாக் சேமிப்பு மென்பொருள் இருக்கு, அதை ஒரே பைனரியா, அதாவது ஒரே நிரலா, ஓட்டுங்க. அந்த முறையிலயே நாளைக்குச் சுமார் 20 ஜிபி வரைக்கும் தாங்கும்னு அவங்க ஆவணமே சொல்லுது. 4 ஜிபி மெமரி உள்ள ஒரு சர்வர், பக்கத்துல திரையில காட்ட கிராஃபானா. முடிஞ்சது.

உப்பளம் | 12 பிப்ரவரி 2025, இரவு 9:30

லோகிக்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் மையத்தைத் தொடுவதற்கு முன் தளக் கணினியில் செய்ய வேண்டியவை:

லாக்கைக் கோப்பில் எழுதும் டாக்கரின் இயல்பான ஜேசான்-ஃபைல் டிரைவருக்கு அளவு வரம்பு கிடையாது. வைத்த இடத்தில் வளர்ந்துகொண்டே போய் ஒரு நாள் எஸ்டி கார்டை நிரப்பும். அன்று எடைச் சேவையும் சேர்ந்து நிற்கும். டிரைவரை லினக்ஸின் சொந்த லாக் சேவையான ஜர்னல்டிக்கு மாற்றுங்கள். ஜர்னல்டி அமைப்பில் ஸ்டோரேஜ் என்பதை பெர்சிஸ்டென்ட் ஆக்குங்கள். இல்லாவிட்டால் சில பதிப்புகளில் லாக் மெமரியில் மட்டும் இருந்து, கரண்ட் போனதும் போய்விடும். லாக் பிடிக்கும் இட வரம்பான சிஸ்டம்மேக்ஸ்யூஸ் 2 ஜிபி. எதுவும் சொல்லாவிட்டால் அது டிஸ்க்கில் 10 விழுக்காடு, அதிகபட்சம் 4 ஜிபி எடுத்துக்கொள்ளும்.

சிங்க்இன்டர்வல்செக் இயல்பாக 5 நிமிடம். அதாவது சாதாரண வரிகள் 5 நிமிடம் வரை டிஸ்க்குக்கு உறுதியாகப் போய்ச் சேராமல் இருக்கலாம். மிகக் கடுமையான மூன்று நிலைகளில் வரும் வரிகள் மட்டுமே உடனே எழுதப்படும். கரண்ட் போவதற்கு முந்தைய 5 நிமிடம்தானே நமக்கு வேண்டியது? அதை 15 நொடியாக்குங்கள். கார்டுக்கு எழுதும் சுமை கூடும், அதனால் எஸ்டி கார்டை விட்டுவிட்டு யுஎஸ்பி எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். லாக் தனிப் பார்ட்டிஷனில் இருக்கட்டும். அது நிரம்பினாலும் இயங்குதளம் மூச்சுத் திணறக் கூடாது.

ஜர்னல் ஒவ்வொரு வரியோடும் தன் விவரப்புலங்களையும் சேர்த்து எழுதும். 121 எம்பி மூல லாக் அங்கே சில மடங்கு இடம் பிடிக்கும். 2 ஜிபி எத்தனை நாள் வரும் என்பதைக் கணக்கில் போடாமல், ஜர்னல்சிடிஎல்லின் டிஸ்க்-யூசேஜ் கட்டளையை ஒரு வாரம் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நங்கூரம் | 12 பிப்ரவரி 2025, இரவு 11:10

மேலே சொன்னதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜர்னல்டி ஒரு சேவைக்கு 30 நொடியில் 10,000 வரி என்று வரம்பு வைத்திருக்கிறது. டிஸ்க்கில் காலியிடம் நிறைய இருந்தால் கொஞ்சம் தளர்த்தும். ஆனால் எல்லாக் கன்டெய்னரும் டாக்கர் என்ற ஒரே சேவையின் பெயரில்தான் எழுதுகின்றன. எடைத் தராசின் சீரியல் கேபிள் தளர்ந்து, எடைச் சேவை ஒரே பிழையை நொடிக்கு ஆயிரம் முறை எழுதினால், பில் சேவையின் வரியும் சேர்ந்து தடுக்கப்படும். "சப்ரெஸ்டு" (தடுக்கப்பட்டன) என்று ஒரே வரி மட்டும் மிஞ்சும்.

வரம்பை முழுக்க எடுத்துவிடாதீர்கள். எடைச் சேவையின் நிரலிலேயே, அதே பிழை திரும்ப வந்தால் நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணிக்கையோடு எழுதும்படி மாற்றுங்கள். அந்த "சப்ரெஸ்டு" வரிக்கு ஒரு எச்சரிக்கையும் வையுங்கள்.

கரைவலை | 14 பிப்ரவரி 2025, மாலை 6:20

ஜர்னல்டி மாற்றியாயிற்று. லோகிக்கு அனுப்ப புரோம்டெய்ல் போடலாமா அண்ணே? ரவுட்டர், ஐஸ் பிளான்ட் கன்ட்ரோலர் இரண்டும் சிஸ்லாக் (நெட்வொர்க் வழி லாக் அனுப்பும் பழைய முறை) மட்டும்தான் அனுப்பும். அவற்றை நேரே மையத்துக்குத் திருப்பிவிடலாமா?

நங்கூரம் | 14 பிப்ரவரி 2025, இரவு 7:45

புரோம்டெய்ல் வேண்டாம். இந்த மாதம்தான் அதை நீண்டகால ஆதரவு நிலைக்குத் தள்ளினார்கள். புது வசதி வராது, 2026 மார்ச்சில் ஆயுள் முடிகிறது. கிராஃபானா அலாய் அல்லது ஃப்ளூயன்ட் பிட். 4ஜிக்குப் பின்னால் உள்ள சின்னக் கணினிக்கு ஃப்ளூயன்ட் பிட் என் தேர்வு.

அதில் மூன்று அமைப்புகளை மாற்றாமல் ஓட்டக் கூடாது. அனுப்பும்வரை வரிகள் தேங்கும் தாங்கல் எங்கே என்று சொல்லும் ஸ்டோரேஜ்.டைப் என்பதை ஃபைல்சிஸ்டம் ஆக்க வேண்டும்; இயல்பாக அது மெமரி. வெளியீட்டுப் பகுதியில் ஸ்டோரேஜ்.டோட்டல்_லிமிட்_சைஸ் 1 ஜிபி. நாளைக்கு 121 எம்பி என்றால் எட்டு நாள் இணைப்பு அறுந்தாலும் தாங்கும். அதற்கு மேல் போனால் பழைய துண்டிலிருந்து (துண்டு என்பது சேர்த்து அனுப்பும் வரித் தொகுதி) எறியும். மூன்றாவது, ரீட்ரை_லிமிட். இது இயல்பாக 1. முதல் முயற்சி தோற்று, மறுமுயற்சியும் தோற்றால் அந்தத் துண்டை விட்டுவிடும். வட்டில் தாங்கல் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் இதைக் கவனிக்காமல் விட்டால், இணைப்பு அறுந்த ஒவ்வொரு முறையும் லாக் போகும். நோ_லிமிட்ஸ் என்று வையுங்கள். கம்ப்ரஸ் என்பதில் ஜிஜிப்.

சிஸ்லாக்கை மையத்துக்கு நேரே திருப்பக் கூடாது. யுடிபி 514இல் போவது போனதுதான், வந்து சேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. தளக் கணினியில் ஆர்சிஸ்லாக் வைத்து அதில் வாங்குங்கள். யுடிபி பயணம் ஒரு அறைக்குள் இருக்கும் கேபிளோடு முடியட்டும். அங்கிருந்து ஃப்ளூயன்ட் பிட் கொண்டுபோகும்.

உப்பளம் | 15 பிப்ரவரி 2025, காலை 6:30

நங்கூரம் சொன்ன சிஸ்லாக்கோடு ஒன்று. பழைய ரவுட்டர்கள் 2001ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3164 என்ற நெறியின் வடிவத்தில் அனுப்பும். அதில் ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. ரவுட்டர் இந்திய நேரத்தில் எழுதி, வாங்குகிற இடம் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று படித்தால் ஒவ்வொரு வரியும் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் போய் நிற்கும். லோகி 10 நிமிடத்துக்கு மேல் எதிர்காலத்தில் உள்ள வரியை ஏற்காது. ரவுட்டரிலிருந்து ஒன்றுமே வரவில்லை என்று கேபிளைச் சோதித்துக்கொண்டிருப்போம். சாதனம் 2009இன் 5424 வடிவத்துக்கு மாறுமானால் மாற்றுங்கள், அதில் ஆண்டும் மண்டலமும் உண்டு. மாறாவிட்டால் ஆர்சிஸ்லாக்கில் வந்து சேர்ந்த நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கும் யுடிசியில் சேமிப்போம், கிராஃபானா திரையில் மட்டும் இந்திய நேரம்.

உப்பளம் | 15 பிப்ரவரி 2025, இரவு 9:55

நேரம் பற்றி இன்னும் எழுத வேண்டும். இந்தத் திட்டம் கவிழ்ந்தால் இங்கேதான் கவிழும்.

ராஸ்பெர்ரி பை 4இல் கடிகாரச் சில்லு கிடையாது. 5இல் உண்டு, ஆனால் பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். கடிகாரம் இல்லாத பலகையில் ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக் என்ற நிரல் மணிக்கொரு முறை நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். கரண்ட் சட்டென்று போய்த் திரும்பி வந்தால், கணினி அந்தக் கோப்பில் உள்ள நேரத்திலிருந்து எழும். மாலை 4:50க்குக் கரண்ட் போய் 7:30க்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி 4:17 என்று நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்கும். என்டிபி (நெட்வொர்க் வழி சரியான நேரம் தரும் சேவை) கிடைக்கும்வரை வருகிற வரிகள் எல்லாம் கரண்ட் போவதற்கு முந்தைய வரிகளோடு கலந்துவிடும்.

இதில் வயர்கார்டு ஒரு முடிச்சு போடுகிறது. அதன் கைகுலுக்கல் செய்தியில் நேர முத்திரை இருக்கும். பழைய செய்தியை யாராவது திரும்ப அனுப்பி ஏமாற்றாமலிருக்க, கடைசியாகப் பார்த்த முத்திரையைவிடப் பழையதை மைய சர்வர் பேசாமல் எறிந்துவிடும். பின்னோக்கிப் போன கடிகாரத்தோடு எழுந்த தளத்துக்குச் சுரங்கம் திறக்காது. என்டிபி சர்வரையும் அந்தச் சுரங்கத்துக்குள் வைத்திருந்தால், நேரம் சரியாக இணைப்பு வேண்டும், இணைப்பு கிடைக்க நேரம் வேண்டும். இரண்டு பக்கமும் பிழைச் செய்தி எதுவும் இருக்காது. தளத்தின் கடிகாரம் தானாக நடந்து பழைய முத்திரையைத் தாண்டும்வரை, மேலே சொன்ன கணக்கில் அரை மணி நேரத்துக்கு மேல், ஊமையாக இருக்கும்.

செய்ய வேண்டியது: என்டிபி சுரங்கத்துக்கு வெளியே நேரடியாகப் போகட்டும். டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்றை ஐ2சி ஊசிகளில் மாட்டி, சிஆர்2032 பேட்டரி போடுங்கள். ஆண்டுக்கு ஒரு நிமிடம்தான் பிசகும். பழைய ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக்கை நீக்கிவிடுங்கள். நேரம் திருத்தும் குரோனி நிரலில் மேக்ஸ்டெப் 1 3 என்று வையுங்கள். முதல் மூன்று சரிபார்ப்பில் ஒரு நொடிக்கு மேல் பிசகினால் ஒரே தாவலில் திருத்தும், அதன்பின் மெல்ல மெல்லத்தான் திருத்தும். நான்கு சேவையும் டைம்-சிங்க் இலக்குக்கு, அதாவது நேரம் சரியானதற்கு, பிறகே எழும்படி அமைக்கலாமா என்று யோசித்தேன். எடைச் சேவைக்கு வேண்டாம். மீன் வந்து இறங்கிக்கொண்டிருக்கும், தராசு காத்திருக்க முடியாது. பில் சேவைக்கு மட்டும் அந்த நிபந்தனை போதும்.

பிசகி எழுதிய வரிகளையும் மீட்கலாம். ஜர்னலில் ஒவ்வொரு வரியோடும் பூட் ஐடியும் (கணினி எழும் ஒவ்வொரு முறையும் மாறும் அடையாளம்), எழுந்ததிலிருந்து ஓடிய மைக்ரோநொடியும் இருக்கும். அதே பூட் ஐடியில் நேரம் சரியான பிறகு வந்த ஒரு வரியை எடுத்து வித்தியாசத்தைக் கண்டு, முந்தைய வரிகளில் கூட்டினால் உண்மை நேரம் கிடைக்கும். இந்த இரண்டு புலங்களையும் வடிகட்டி எறியாதீர்கள்.

வாடைக்காற்று | 16 பிப்ரவரி 2025, காலை 11:40

4ஜி பத்தி ஒண்ணு. தனுஷ்கோடி பக்கம் போனா போன்ல இலங்கை நெட்வொர்க் பேர் வரும், எல்லாருக்கும் தெரியும். மோடமும் அதையேதான் செய்யும். தங்கச்சிமடம், பாம்பன்ல உள்ளூர் டவர் கரண்ட் இல்லாம படுத்தா, அக்கரை டவரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கும். டேட்டா போகாது, ஆனா சிக்னல் இருக்குன்னு காட்டும். மோடத்துல ரோமிங் டேட்டாவை அணைச்சு, நெட்வொர்க் தேர்வைத் தானியங்கிலேர்ந்து கையால தேர்வுக்கு மாத்திடுங்க. இந்தியா நாட்டுக் குறியீடு 404, 405. இலங்கை 413. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மோடம் எந்தக் குறியீட்டுல இருக்குன்னு ஒரு வரி லாக்ல எழுத வைங்க. 413 வந்தா அலாரம்.

கரைவலை | 19 பிப்ரவரி 2025, இரவு 10:05

லோகி ஓடுகிறது. லேபிளாக தளம், சேவை, நிலை, படகுப் பதிவெண், பில் எண் வைத்திருக்கிறேன். இரண்டே நாளில் ஸ்ட்ரீம் வரம்பு தாண்டியது என்று மறுக்கிறது.

நங்கூரம் | 19 பிப்ரவரி 2025, இரவு 10:50

படகுப் பதிவெண்ணையும் பில் எண்ணையும் உடனே எடுங்கள். லோகி லேபிளை மட்டுமே இன்டெக்ஸ் செய்கிறது. லேபிள்களின் ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு தனி ஸ்ட்ரீம். 9 தளம், 4 சேவை, 4 நிலை என்றால் 144 ஸ்ட்ரீம். 600 படகைச் சேர்த்தால் 86,400. இயல்பான வரம்பு 5,000. வரம்பை உயர்த்துவது தீர்வு ஆகாது, சின்னச் சின்னத் துண்டுகளாகச் சிதறித் தேடலே நின்றுவிடும்.

படகு எண் வரிக்குள் ஜேசான் புலமாக இருக்கட்டும். தேடும்போது தளத்தையும் சேவையையும் லேபிளால் குறுக்கி, பிறகு எண்ணை வரியில் தேடுங்கள். பில்லின் பயணத்தைப் பிடிக்க டிரேஸ் ஐடி வேண்டும். எடைச் சேவை தராசிலிருந்து எடை வாங்கும் நொடியில் 32 இலக்கப் பதினாறடிமான எண் ஒன்றை உருவாக்கி, டிரேஸ்பேரன்ட் தலைப்பில் ஏலம், பில், குறுஞ்செய்தி என்று கடத்த வேண்டும். நான்கு சேவையும் அதைத் தன் ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டும். லோகி 3இல் அதை ஸ்ட்ரக்சர்டு மெட்டாடேட்டாவில் வைக்கலாம், லேபிளாகாது.

ஆனால் தளத்தின் பெயர் லேபிளில் இருந்தே ஆக வேண்டும். ஒரு ஸ்ட்ரீமின் கடைசி வரியைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்தி வந்த வரியை லோகி ஏற்காது. இயல்பான இரண்டு மணி நேரத் துண்டு வயதில் பாதி அது. தளப் பெயர் இல்லாமல் ஒன்பதும் ஒரே ஸ்ட்ரீமில் விழுந்தால், மூன்று மணி நேரம் இணைப்பு அறுந்த மூக்கையூரின் வரிகள் மற்ற எட்டுத் தளத்தைவிடப் பிந்தியவை என்று தள்ளப்படும். தனி ஸ்ட்ரீமில் இருந்தால் மூக்கையூர் தன் வரிசையில்தான் வருகிறது, சிக்கல் இல்லை.

தள்ளும்போது லோகி 400 என்று பதில் சொல்லும். ஃப்ளூயன்ட் பிட் 400ஐப் பார்த்தால் திரும்ப அனுப்பாது, நோ_லிமிட்ஸ் வைத்திருந்தாலும்தான். 429, அதாவது வேகம் அதிகம் என்பது போன்ற பதிலுக்குக் காத்திருந்து அனுப்பும். 400 எண்ணிக்கையைக் கண்காணியுங்கள்.

உப்பளம், நீங்கள் 30 நாள் கணக்கு போட்டீர்கள். நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி லாக் 180 நாள் இருக்க வேண்டும். நேரமும் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வரோடு, அல்லது அவற்றின் வழிவந்த சர்வரோடு பொருந்த வேண்டும்.

உப்பளம் | 20 பிப்ரவரி 2025, காலை 6:15

ஆம், 180தான் சரி. 1.1 ஜிபி வீதம் 198 ஜிபி. எட்டில் ஒன்றாகச் சுருங்கினால் 25 ஜிபி. 100 ஜிபி வட்டு தாராளம். லோகி தானாக எதையும் அழிக்காது. அதன் கம்பாக்டர் பகுதியில் ரிடென்ஷன்_எனேபிள்டு போட்டு, காலத்தை 4,320 மணி என்று கொடுத்தால்தான் அழிக்கும்.

இத்தனை நாள் வைப்பதால்தான் இதையும் சொல்கிறேன். மீனவர்களின் கைபேசி எண்ணும் ஆதார் எண்ணும் லாக்கில் வரவே கூடாது. குறுஞ்செய்தி சேவை முழு எண்ணையும் எழுதும் பழக்கம் உடையது. கடைசி நான்கு இலக்கம் போக மற்றதை மறைக்கும் வேலையைத் தளத்திலேயே, சேவையின் நிரலிலேயே செய்யுங்கள். ஃப்ளூயன்ட் பிட்டில் லுவா வடிகட்டி வைத்தும் மறைக்கலாம், ஆனால் ஜர்னலில் மூலம் அப்படியே இருக்கும். கரையில் காத்திருப்பவர் நம்மை நம்பி எண்ணைக் கொடுத்திருக்கிறார். அது ஆறு மாதம் ஒரு தேடல் பெட்டிக்குள் கிடப்பது நியாயமில்லை.

கரைவலை | 3 மார்ச் 2025, இரவு 9:20

படகின் பெயரைத் தமிழில் தேடினால் கிராஃபானாவில் சில தளங்களில் கிடைக்கிறது, சிலவற்றில் இல்லை. வரி மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

வாடைக்காற்று | 3 மார்ச் 2025, இரவு 9:45

ஏலச் சேவை பைத்தானா? ஜேசான் எழுதும்போது என்ஷ்யூர்_ஆஸ்கி இயல்பா ட்ரூ. தமிழ் எழுத்தையெல்லாம் பின்சாய்கோடு போட்ட குறியெண்ணா மாத்தி எழுதும். கிராஃபானா விரிச்சுக் காட்டும்போது தமிழாத் தெரியும், ஆனா லோகியோட வரித் தேடல் சேமிச்ச பைட்டைத்தான் பாக்கும். ஃபால்ஸ் ஆக்குங்க. இடமும் மிச்சம்: யுடிஎஃப்-8ல ஒரு குறிக்கு 3 பைட், குறியெண்ணா எழுதினா 6.

உப்பளம் | 4 மார்ச் 2025, காலை 5:50

அதுவும் தீர்ந்த பிறகு கொம்பு எழுத்துகளில் ஒரு சிக்கல் மிஞ்சும். "கொ", "கோ", "கௌ" போன்றவற்றின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன் கொம்பும் பின் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், பைட்டில் வேறு. ஒரு தளத்தில் போனிலிருந்தும், இன்னொன்றில் பழைய தட்டச்சு மென்பொருளிலிருந்தும் பெயர் ஏறியிருந்தால் "கோ" வரும் படகு பாதி இடங்களில் அகப்படாது. பெயர் உள்ளே வரும் வாசலில், பதிவுப் படிவத்திலேயே, யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ஒரே குறிக்கு, மாற்றிவிடுங்கள்.

நான் போட்ட 350 பைட் கணக்கும் இங்கே மாறும். தமிழ்ச் செய்தி நீளமாக வரும் சேவைகளில் வரி இரண்டு மடங்காகலாம். 3164 சிஸ்லாக் வழி போகும் எதிலும் தமிழ் வேண்டாம். 1,024 பைட்டில் வெட்டினால் எழுத்தின் நடுவிலேயே வெட்டும், அந்த வரியைப் பிறகு எந்தப் பாகுபடுத்தியும் தொடாது.

கரைவலை | 10 ஏப்ரல் 2025, இரவு 8:10

15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. விசைப்படகு மட்டும் வரும் மூன்று தளங்களில் ஜூன் 14 வரை 61 நாளும் கணினியை அணைத்துவைக்கச் சொல்கிறார்கள். லாக்குக்கு ஏதும் செய்ய வேண்டுமா?

நங்கூரம் | 10 ஏப்ரல் 2025, இரவு 8:55

அணைப்பதற்கு முன் ஃப்ளூயன்ட் பிட்டின் தாங்கல் காலியாகிவிட்டதா என்று பாருங்கள். லோகி 168 மணி நேரத்துக்கு மேல் பழைய வரியை இயல்பாக மறுக்கும். 14ஆம் தேதி இணைப்பு இல்லாமல் தாங்கலில் தேங்கியது ஜூன் 15 அன்று வந்தால் 400, ஒரு நொடியில் குப்பை. ரிஜெக்ட்_ஓல்டு_சாம்பிள்ஸ்_மேக்ஸ்_ஏஜ் என்பதை 1,680 மணி ஆக்குங்கள், 70 நாள்.

உப்பளம் | 11 ஏப்ரல் 2025, காலை 6:05

வரம்பை உயர்த்துவதோடு, அணைக்கும் நாளில் ஜர்னலை எக்ஸ்போர்ட் வடிவத்தில் ஒரு பென் டிரைவுக்கும் எடுங்கள். இரண்டு மாதம் மூடிய அறையில் உப்பு ஈரம் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை, நெட்வொர்க் கேபிளைக் கழற்றி முனைக்கு மூடி. எஸ்எஸ்டியைக் கழற்றி ராமநாதபுரம் கொண்டுவந்துவிட்டால் இன்னும் நல்லது.

அலாரத்தையும் பிரிக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு "இருக்கிறேன்" வரி எழுதவைத்து, ஆப்சென்ட்_ஓவர்_டைம் கொண்டு 15 நிமிட மௌனத்தைப் பிடிக்கிறோம் அல்லவா? அணைத்த மூன்று தளத்துக்கும் அதைத் தேதி குறித்து நிறுத்துங்கள், விதியை அழிக்காதீர்கள். அழித்தால் ஜூன் 15 அன்று திரும்பப் போட யாருக்கும் நினைவிருக்காது. நாட்டுப்படகு இறங்கும் தளங்கள் தடைக்காலத்திலும் ஓடும், அவற்றின் அலாரம் அப்படியே இருக்கட்டும்.

கரைவலை | 17 ஜூன் 2025, இரவு 10:30

மூன்று தளமும் எழுந்தன. ஆனால் 16ஆம் தேதி மையச் சர்வர் இருந்த இடத்தில் பகல் முழுக்க இணைப்பு இல்லை. மாலை திரும்பியதும் ஒன்பது தளமும் ஒரே நேரத்தில் கொட்டின, 429 மழையாகப் பொழிந்தது. பில் ஒத்திசைவும் தாமதம்.

நங்கூரம் | 17 ஜூன் 2025, இரவு 11:15

429 பயப்பட வேண்டியதில்லை, லாக் தாங்கலில்தான் இருக்கும். லோகியின் உள்வாங்கும் வேகம் இயல்பாக நொடிக்கு 4 எம்பி, வெடிப்பு (திடீரென மொத்தமாக வருவது) 6. ஒரு தளம் 2 எம்பிபிஎஸ் மேலேற்றத்தில் ஜிஜிப்போடு அனுப்பினால் விரித்த அளவில் நொடிக்கு 2 எம்பி, ஒன்பதுக்கு 18. இன்ஜெஷன்_ரேட்_எம்பி 16, வெடிப்பு 32 என்று வையுங்கள்.

பில் தாமதம்தான் கவலை. லாக்கும் பில்லும் ஒரே 4ஜியில் முட்டிக்கொள்கின்றன. தளக் கணினியில் லினக்ஸின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிரலான டிசி கொண்டு இரண்டு வகுப்பு பிரியுங்கள். வயர்கார்டு இடைமுகத்தில் 3100 போர்ட்டுக்குப் போவது லாக். அதற்கு 256 கேபிபிஎஸ் உத்தரவாதம், பில் வகுப்பு சும்மா இருந்தால் முழு அகலமும் கடன். வெளி இடைமுகத்தில் பிரிக்க முயன்றால் எல்லாம் ஒரே குறியாக்கப்பட்ட யுடிபியாகத்தான் தெரியும், போர்ட் தெரியாது.

வாடைக்காற்று | 18 ஜூன் 2025, காலை 7:20

256லேயே நின்னாலும் ஒரு நாள் பாக்கி 121 எம்பி, எட்டுல ஒண்ணாச் சுருங்கினா 15 எம்பி. எட்டு நிமிஷத்துல தீரும். லாக்குக்கு அவசரமில்ல, பில்லுக்குத்தான் அவசரம்.

உப்பளம் | 9 ஆகஸ்ட் 2025, இரவு 9:00

இரண்டு மாத லாக் சேர்ந்திருக்கும், கெர்னல் வரிகளையும் பாருங்கள். நெட்வொர்க் இடைமுகத்தின் "லிங்க் டவுன்", "லிங்க் அப்" வரிகளைத் தளவாரியாக நாளுக்கு எத்தனை என்று ஒரு வரைபடம் போடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு தளத்தில் மட்டும் அது மெல்ல ஏறினால் கேபிள் முனையில் பச்சை பூத்திருக்கும். முழுக்க அறுவதற்குப் பல நாள் முன்னாலேயே இது தெரியும். முனையை வெட்டிப் புதிது கிரிம்ப் செய்து, மின்தொடர்பு கிரீஸ் தடவுங்கள். சேவைகளின் லாக்கில் இது வெறும் "டைம்அவுட்" என்றுதான் தெரியும், நிரலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

கரைவலை | 21 செப்டம்பர் 2025, மாலை 7:30

அடுத்த மாதம் வடகிழக்குப் பருவமழை. லாக் எதுவும் தொலையவில்லை என்று எப்படி உறுதி செய்வது அண்ணே? திரையில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது.

உப்பளம் | 21 செப்டம்பர் 2025, இரவு 10:10

தொலைந்த வரி திரையில் தெரியாது, எண்ணினால்தான் தெரியும். "இருக்கிறேன்" வரியில் ஒரு வரிசை எண் சேருங்கள்: 1, 2, 3 என்று கூடிக்கொண்டே போகட்டும், ஒவ்வொரு முறையும் எஃப்சிங்க் செய்த (டிஸ்க்கில் உறுதியாக எழுதவைத்த) கோப்பில் சேமியுங்கள், மறுபடி எழும்போது அங்கிருந்து தொடரட்டும். சோதனை நாளில் மட்டும் அதை நொடிக்கு ஒன்றாக்குங்கள்.

மீன் இறங்காத ஒரு பிற்பகல், ஒரு தளத்துக்குப் போய் முதலில் ஆன்டெனாவைக் கழற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, ஆன்டெனா இல்லாத நிலையிலேயே யுபிஎஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் மின்கம்பியைப் பிடுங்குங்கள். முறையாக அணைக்கக் கூடாது. பத்து நிமிடம் விட்டு கம்பியைச் செருகுங்கள். கணினி எழுந்து எண்கள் ஓடத் தொடங்கியதும் ஆன்டெனாவை மாட்டுங்கள். தாங்கல் காலியானதும் மையத்தில் அந்த இரண்டு மணி நேரத்தின் வரிசை எண்களை இறக்கி, விடுபட்டவை எவை, இரண்டு முறை வந்தவை எவை என்று பாருங்கள்.

கம்பி பிடுங்கிய கணத்துக்கு முந்தைய 15 எண்களுக்குள் விடுபட்டால் அது சிங்க் இடைவெளி, நாம் தெரிந்தே ஏற்றுக்கொண்ட விலை. இரட்டை வந்தால் ஃப்ளூயன்ட் பிட் எங்கே விட்டோம் என்ற குறிப்பைக் கோப்பில் வைக்கவில்லை, உள்ளீட்டில் டிபி பாதை கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஆன்டெனா இல்லாத மணி நேரத்தின் நடுவில் ஓட்டை இருந்தால் மறுமுயற்சி வரம்பு அந்தத் தளத்தில் இன்னும் 1ஆகவே இருக்கிறது. எண்கள் முழுமையாக வந்து நேரம் மட்டும் பின்னே போயிருந்தால் கடிகாரப் பலகையின் பேட்டரி.

மூக்கையூரில் முதலில் செய்யுங்கள், ராமநாதபுரத்திலிருந்து தூரம் அதிகம், மழையில் போய்வரச் சிரமமான தளம் அது.